முன்சக்கரத்து ஒயர்

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் தேய்த்தான். தண்ணீர் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் அணைத்தான். வாசல் விளக்கை அணைத்தான். செய்தித்தாளை எடுத்துவந்து பிரிக்காமல் மேஜையில் வைத்தான். ஆறே காலுக்குச் சமையலறையில் டம்ளர்மேல் தட்டு மூடும் சத்தம் கேட்டது. டீ ஆகிவிட்டது என்று அர்த்தம். அத்தை பின்கதவைத் திறந்து துணி உலர்த்தப் போகும்வரை காத்திருந்தான். பிறகு போய் எடுத்துக்கொண்டான்.

அவன் மனைவி இறந்து நான்காவது நாள். நேற்று மாலையோடு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இப்போது வீட்டில் அவனும் அவளுடைய அம்மாவும்தான்.

இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால், மகள் தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அத்தைக்குக் கோபம். "அவர்கிட்ட சொல்லு", "அவரைக் கேளு" என்று மகளிடம்தான் பேசுவார். அவனும் வீம்புக்கு "உங்கம்மாகிட்ட சொல்லு" என்றான். எட்டு மாதத்தில் கோபம் போய்விட்டது. பழக்கம் தங்கிவிட்டது. மாமா இறந்தபின் அத்தை இங்கேயே வந்துவிட்டார். நான்கு வருஷம், ஒரே வீடு, ஒரே மேஜை. அவள் நடுவில் உட்கார்ந்து இந்தக் காதில் வாங்கி அந்தப் பக்கம் சொல்வாள். சொல்லும்போது மாற்றியும் விடுவாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று அவன் சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது "ரொம்ப நல்லா இருக்காம்மா" என்று ஆகியிருக்கும். முதலில் சொன்னதும் அத்தை காதில் விழுந்துதான் இருக்கும். ஆனால் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்.

கூடத்தில் அத்தையின் பை தயாராக இருந்தது. சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போகிறார். இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை. அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதில் கேட்டது.

"மக இருந்தவரைக்கும் அது மக வீடு. இனிமே எந்த முறையில அங்க இருப்ப?" என்றாள் தங்கை. "அவரும் சின்ன வயசு. நாளைக்கே ஒருத்தி வந்தா, உன்ன யாருன்னு அவகிட்ட சொல்லுவாரு?"

"அதான் வர்றேன்னுட்டேன்ல. எத்தன தடவ கேப்ப?"

"இங்க ஹால்லதான் படுக்கணும். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

"ஹால்ல காத்து வரும். வைடி போன."

அவன் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். இங்கேயே இருங்க. இரண்டு சொல்தான். நேற்றுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தான். ஒத்திகையில்கூட அது, "உங்கம்மாவ இங்கயே இருக்கச் சொல்லு" என்றுதான் வந்தது.

ஒன்பது மணிக்குக் காரை எடுத்துப் பார்க்கப் போனான். பஸ் நிலையம் அரைமணி தூரம். அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் தரைக்கீழ் பார்க்கிங்கில் பதினெட்டு நாள் அசையாமல் நின்ற கார் அது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவன் எந்த விளக்கையும் பார்க்கிற நிலையில் இல்லை. இப்போது தெருமுனைவரை ஓட்டிவிட்டு மெதுவாக பிரேக்கை மிதித்தான். கால் அடியில் பெடல் டடடடவென்று உதறியது. கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு முழம் போய் நின்றது.

மெக்கானிக்குக்கு போன் செய்தான். தெருவில் அவனுக்குப் பெயர் சைலன்சர். வாய் ஓயாது என்பதால் வைத்த பெயர்.

சைலன்சர் ஒன்றரை மணிக்குத்தான் வந்தான். வரும்போதே பேசிக்கொண்டு வந்தான். ஓட்டுகிறவர் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினான், உள்ளே டார்ச் அடித்தான், சிரித்தான்.

"எலி சார். விருந்து சாப்பிட்டிருக்கு. இங்க பாருங்க, இந்த ஒயரு. சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு உள்ள இருக்கற டப்பாவுக்கு இதுதான் சொல்லிக்கிட்டே இருக்கும். இது அறுந்துச்சுன்னு வைங்க, சக்கரம் நின்னுபோச்சுன்னு டப்பா நெனச்சுக்கும். உடனே பிரேக்க விட்டு விட்டுப் பிடிக்கும். சக்கரம் பாவம், அது பாட்டுக்கு நல்லாத்தான் சுத்திக்கிட்டு இருக்கு."

"மாத்தணுமா?"

"புதுசு வர ஒரு வாரம் ஆவும். ஒட்டிடலாம். ஒரு மணி நேர வேல. மேடம் எங்க சார்? அவங்கதான கார்ல ஒரு குண்டூசி விழுந்தாக்கூட எனக்கு போன் போடுவாங்க? 'சைலன்சர், கார் இருமுது'ன்னு சொல்லுவாங்க. இருமுதாம்! நானும்…"

அத்தை வாசற்படியில் வந்து நின்றார். சைலன்சர் இவனைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தில் இருந்த பையைப் பார்த்தான். அவன் வாய் அப்படியே நின்றது. பிறகு குனிந்து, அவசியமே இல்லாமல் நட்டுகளை எண்ண ஆரம்பித்தான்.

"எப்ப சார்?"

"வெள்ளிக்கிழம."

அதற்கப்புறம் கால்மணி நேரம் சைலன்சர் ஒரு சொல்லும் பேசவில்லை. தெரு விநோதமாக இருந்தது.

அத்தைதான் பேசினார். சைலன்சரிடம். "தம்பி, வண்டி ஆகலேன்னா பரவால்ல. நான் டாக்சியில போயிக்கறேன்னு சொல்லுங்க."

"யார்கிட்டம்மா?"

"அவர்கிட்ட."

சைலன்சர் தனக்கு இரண்டடி தள்ளி நிற்கிறவனைத் திரும்பிப் பார்த்தான். "சார், அம்மா டாக்சியில…"

"டாக்சி வேணாம், நான் கொண்டு விடறேன்னு சொல்லுங்க."

"அம்மா, சார் என்ன சொல்றாருன்னா…" சைலன்சர் நிறுத்தினான். "ரெண்டு பேரும் பக்கத்துலதான நிக்கறீங்க?"

நல்லவேளையாக சைலன்சரின் போன் அடித்தது. பாலத்து நடுவில் ஒரு வண்டி நின்றுவிட்டதாம், உள்ளே குழந்தைகளாம். "சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து முடிச்சுக் குடுத்துடறேன் சார்."

"நாலு மணிக்கு பஸ். சாமான விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"செய்வீங்களா?"

"எலக்ட்ரானிக்ஸ்தான் படிச்சேன்."

படித்தது நிஜம். கல்லூரி முடிந்தபின் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னைத் தொட்டதில்லை என்பதும் நிஜம். சைலன்சர் அயர்னையும், ஈயக்கம்பிச் சுருளையும், ஒயர்த் துண்டையும், ஒயரில் தொடர்பு இருந்தால் பீப் என்று சொல்லும் மீட்டரையும், சூடு காட்டினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும் கறுப்புக் குழாய்த் துண்டுகளையும் ஒரு செய்தித்தாளில் பரப்பி வைத்தான். குழாயைத் தொட்டு, "ஸ்லீவு சார், மறந்துடாதீங்க" என்றான். வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்து, அத்தையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

கார் சரியானால் அத்தை போவார். சரியாகாவிட்டால் டாக்சியில் போவார். இதில் அவனால் சரிசெய்ய முடிந்தது கார் ஒன்றுதான். கொண்டு விட்டால் அரைமணி நேரம் ஒரே வண்டியில் இருக்கலாம். அந்த அரைமணியில் வாய் திறந்தாலும் திறக்கலாம்.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தான். சமையலறையில் தட்டு மூடும் சத்தம் ஒருமுறை கேட்டது. போகவில்லை. சக்கரம் இருந்த இடத்தில் தலையை நுழைத்துக் கடிபட்ட இடத்தைப் பார்த்தான். மேல்தோலுக்குள் இரண்டு சின்ன ஒயர்கள். வெள்ளை முழுக்க அறுந்திருந்தது. கறுப்பு, தோல் உரிந்து ஒற்றை இழையில் தொங்கியது. சிதைந்ததை எல்லாம் வெட்டி எடுத்து, புதுத் துண்டு ஒன்று வைக்க வேண்டும். நான்கு ஒட்டு.

சக்கர மறைப்புக்கு அடியில் இருட்டு. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தான். எச்சில் ஒழுகியது. திடீரென்று பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வந்தது. அத்தை வேறொரு டார்ச்சுடன் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"வெளிச்சம் கொஞ்சம் மேல வந்தா தேவல" என்றான், டயரைப் பார்த்து.

வெளிச்சம் மேலே வந்தது.

இப்படித்தான் நான்கு நாளாக ஓடுகிறது. 'நீங்க' என்ற ஒரு சொல் இல்லாமலே ஒரு குடும்பத்தை நடத்திவிடலாம் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. கேஸ் தீர்ந்துபோச்சு. கதவு திறந்திருக்கு. மருந்துக் கடைக்குப் போகணும். யாருக்கு, யார் போக வேண்டும் என்பதெல்லாம் காற்றில் நிற்கும்.

அவன் ஒயரின் நுனியைச் சீவினான். இழைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று செருகி முறுக்கினான். அயர்ன் சூடாகியிருந்தது.

அத்தை இருமினார்.

அவன் ஈயக்கம்பியை எடுத்தான். வெளிச்சம் ஒயரை விட்டு நகர்ந்து தரையில் இருந்த செய்தித்தாளுக்குப் போனது. அங்கே கறுப்புக் குழாய்த் துண்டுகள்மேல் வட்டமாக நின்றது.

"வெளிச்சம் இங்க வேணும்" என்றான்.

"சிலத முன்னாடியே கவனிக்கணும்" என்றார் அத்தை, செய்தித்தாளிடம்.

அவனுக்குப் புரியவில்லை. இந்த நான்கு நாளில் முன்னாடியே கவனித்திருக்க வேண்டியவை என்று அவனிடம் ஒரு பட்டியலே இருந்தது. முதல் நாள் காய்ச்சல், இரண்டாம் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் 'சாதாரணக் காய்ச்சல்தான்' என்று அவன் சொன்னது. அத்தை அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான். அயர்னை ஒயரின்மேல் வைத்தான். ஈயம் உருகி வெள்ளியாக ஓடிப் பிடித்தது. அழகான ஒட்டு.

இரண்டாவது ஒட்டையும் பிடித்தான். மூன்றாவதற்கு அயர்னைத் தூக்கும்போது அத்தைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"ஐயோ மாப்ள! ஸ்லீவு! ஸ்லீவ மொதல்ல உள்ள விடுங்க! ரெண்டு பக்கமும் ஒட்டினப்புறம் எங்கேர்ந்து நுழைப்பீங்க?"

அயர்ன் நுனியிலிருந்து புகை நூலாக எழுந்தது. அவன் ஒயரைப் பார்த்தான். ஸ்லீவைப் பார்த்தான். பிறகு, வேறு பார்க்க எதுவும் இல்லாததால், அத்தையைப் பார்த்தான்.

"மறந்துட்டேன், அத்த."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சொன்னது சொன்னதுதான். திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. எதிர்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"அத சொல்லத்தான் இருமினேன்" என்றார் அத்தை கடைசியில்.

"நான் வேற என்னவோன்னு நெனச்சேன்."

"என்னன்னு?"

அத்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சை அணைத்தார். "நானுந்தான் சாதாரணக் காய்ச்சல்னு சொன்னேன்" என்றார். "எதிர்க்கடையில போயி மாத்திர வாங்கிட்டு வந்ததே நான்தான்." பிறகு கையை நீட்டினார். "அயர்ன இப்படிக் குடுங்க. ரேடியோ ஃபாக்டரியில இருவத்திரண்டு வருஷம் இதத்தான் பிடிச்சிருந்தேன். இந்தத் தப்ப மொத வாரம் எல்லாப் பொண்ணுங்களும் பண்ணும். எங்க சூப்பர்வைசர் அந்த ஸ்லீவ எடுத்துக் கம்மலா காதுல மாட்டிவிட்டுருவாரு. சாயங்காலம்வரைக்கும் கழட்டக் கூடாது."

"நீங்க மாட்டியிருக்கீங்களா?"

"ரெண்டு காதுலயும்."

சிரிப்பு மாதிரி ஒன்று அவன் தொண்டைவரை வந்தது. அதற்கு அவனே கொஞ்சம் பயந்துவிட்டான்.

இரண்டு ஒட்டையும் வெட்டினார்கள். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவன் ஸ்லீவை உள்ளே விட்டுப் பிடித்துக்கொள்வான், அத்தை தொட்டு எடுப்பார். அயர்ன் ஒரு நொடிதான் ஒயரில் இருக்கும், ஈயம் தானாக வந்து உட்காரும். சீவும்போது ஒரு ஒயரை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் விட்டான்.

"எதுக்கு ஏறுக்குமாறா வெட்டறீங்க?"

"ரெண்டு ஒட்டும் பக்கத்துப் பக்கத்துல வந்தா புடைச்சுக்கும். ஒண்ணோட ஒண்ணு உரசவும் உரசும்."

"சரிதான். எங்க ஃபாக்டரியில இவ்வளவு யோசிக்க விட மாட்டாங்க." ஒட்டிய இரண்டையும் நேராக நீவினார். "இப்படிப் போனா அழகா இருக்கும்ல?"

"இல்ல, முறுக்கியே இருக்கணும். பக்கத்துல வேற ஒயர் போகுது. அதோட தொந்தரவு இதுல ஏறிடும்."

"அப்ப நீங்களே முறுக்குங்க. எனக்கு விரல் மரத்துப்போவுது."

லைட்டரின் சுவாலையைத் தள்ளிப் பிடித்தான். ஸ்லீவ் சுருங்கி ஒயரைக் கவ்வியது. மேலே பெரிய ஸ்லீவ் ஒன்று, அதற்கும் மேலே டேப். மீட்டரை வைத்துப் பார்த்தான். பீப் என்றது. இரண்டாவதும் பீப் என்றது. அத்தை இரண்டுக்கும் தலையாட்டினார்.

"இனி ஸ்டீயரிங்கத் திருப்பிப் பாக்கணும். முழுசா ஒடிச்சா ஒயரு இழுபடுதான்னு நான் கீழேர்ந்து பாக்கறேன். நீங்க உள்ள உக்காருங்க."

"நானா? அந்த சீட்லயா?"

"வேற யாரு இருக்கா?"

அத்தை எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. அவன் சாவியைத் திருப்பிப் பூட்டை விடுவித்துக் கொடுத்தான்.

"எந்தப் பக்கம்?"

"வீட்டுப் பக்கம்."

"பாறாங்கல்லாட்டம் இருக்கு மாப்ள."

"இன்ஜின் ஓடல, அப்படித்தான் இருக்கும். இன்னும். இன்னும். நிறுத்துங்க!"

"என்னாச்சு?"

"இழுக்குது."

"அப்ப லூசா விட்டுக் கட்டுங்க. எல்லாத்தயும் இறுக்கிக் கட்டிட்டு அப்புறம் திரும்பு திரும்புன்னா எங்க திரும்பும்?"

கிளிப்பை அவிழ்த்து, இரண்டு விரல் அளவு தொய்வு விட்டு மறுபடி மாட்டினான். மறுபடி ஒடிக்கச் சொன்னான். வீட்டுப் பக்கம், தெருப் பக்கம், மறுபடி வீட்டுப் பக்கம். அத்தைக்கு மூச்சு வாங்கியது. "போதுமா? போதுமா?" என்று கேட்டுக்கொண்டே திருப்பினார். போதும் என்று அவன் எப்போதோ சொல்லியிருக்கலாம். கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னான்.

சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கை கழுவி வந்தபோது அத்தை வழக்கம்போலப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பை இன்னும் கூடத்தில்தான் இருந்தது. அவன் அதைக் கவனித்தான். கேட்கவில்லை. காரை எடுத்தான். மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அணையலியே" என்றார் அத்தை, இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டி.

"கொஞ்சம் ஓடணும். சக்கரம் சுத்துதுன்னு அதுக்கு நம்பிக்க வரணும்."

பக்கத்துத் தெருவில் திரும்பினார்கள். பள்ளிக்கூடத்துச் சுவர் வந்தது.

"இப்ப?"

"இன்னும் இல்ல."

"இப்ப?"

"அத்த, நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பதட்டமாயிடும்."

விளக்கு அணைந்தது. அவன் சொல்வதற்குள் அத்தை பார்த்துவிட்டார். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டியபின் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நாற்சந்தியில் மெதுவாக பிரேக்கை மிதித்தான். பெடல் உதறவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் பூப்போல நின்றது கார்.

முன்னால் இருந்த கடிகாரத்தில் நாலு இருபது.

"பஸ்ஸு போயிருக்கும்" என்றார் அத்தை.

"போயிருக்கும்."

"நாளைக்கும் நாலு மணிக்கு ஒண்ணு இருக்கு."

"தினமும் இருக்கு." எதிரே விளக்கு சிவப்பாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னான். "அது பாட்டுக்குப் போகட்டும் அத்த. நீங்க இங்கயே இருங்க."

கண்ணாடியில் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பச்சை விழுந்தது. இரண்டு தெரு தாண்டினார்கள்.

"என் தங்கச்சி கேப்பா" என்றார் அத்தை. "எந்த முறையிலன்னு."

"என்னைக் கேக்கச் சொல்லுங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"மாமியார்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது?"

அத்தை மூக்கை உறிஞ்சினார். "அவளுக்கு அது தெரியாதாக்கும்" என்றார். குரல் பரவாயில்லாமல் இருந்தது. "வர்ற வழியில கொத்தமல்லி வாங்கணும். பழைய கட்டு அழுகிப்போச்சு."

கடை வாசலில் நிறுத்தினான். அத்தை இறங்கவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கடைசி அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் ப்ளாஸ்க எடுத்துக்கிட்டு வெந்நீருக்குக் கீழ போனேன்ல."

"ஆமா."

"திரும்பி வந்தப்ப தூங்கிட்டிருந்தா. எழுப்ப வேணாம்னு நின்னுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொன்னாளா? நாலு நாளா யாரக் கேக்கறதுன்னு தெரியல."

அவன் இன்ஜினை அணைத்தான்.

"நீங்க சாப்பிட்டீங்களான்னு அவகிட்ட கேட்டேன்."

"என்னைப் பத்தியா? அவகிட்டயா?"

"ஆமா."

"அதுக்கு என்ன சொன்னா?"

புருஷனை 'டா' போட்டுப் பேசினால் அத்தைக்குப் பிடிக்காது. அதற்காக மகளை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். அந்த ஒரு எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தான். விடவில்லை.

"'அம்மா வந்ததும் அம்மாவையே கேளுடா. எனக்குத் தூக்கம் வருது.'"